ஊசிக்கையார் வீட்டம்மா

பட்டறையில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். ஊசிக்கையார் என்றால்தான் தெரியும். ஆள் வாட்டசாட்டமானவர். கதவில் குனிந்துதான் நுழைவார். கைகள் மட்டும் வேறு யாரிடமோ இரவல் வாங்கி மாட்டிக்கொண்டவைபோல மெலிந்து நீண்டிருக்கும். மற்ற மெக்கானிக்குகள் காரின் டேஷ்போர்டை அக்கு அக்காகக் கழற்றி, சீட்டைப் பிடுங்கி வெளியே போட்டு, அரைநாள் மல்லுக்கட்டிச் செய்கிற வேலையை அவர் ரேடியோவை மட்டும் உருவிவிட்டு, அந்தப் பொந்துக்குள் முழங்கைவரை கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு செய்துமுடிப்பார்.

“அண்ணே, மாட்டுக்குப் பிரசவம் பாக்குற மாதிரியே இருக்கு. கன்னுக்குட்டி தலை தெரியுதா?” என்று பட்டறை முதலாளி கேட்பார்.

“தெரியுது, தெரியுது. மூக்கும் முழியும் அப்படியே மொதலாளி ஜாடை,” என்பார் இவர், கையை வெளியே எடுக்காமலே.

வருஷத்தில் பாதி குளிர் வாட்டும் ஊர் அது. காலையில் காரின் முன்கண்ணாடி பனியில் பால் ஊற்றியதுபோல் வெளுத்துக் கிடக்கும். ஹீட்டர் வேலை செய்யாவிட்டால் கண்ணாடி தெளியாது, வண்டியை எடுக்கவே முடியாது. இஞ்சினில் கொதிக்கும் தண்ணீர் ஒரு குழாய் வழியாக டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் பெட்டிக்கு வரும். அந்தப் பெட்டிக்குள் ஒரு சின்னக் கதவு. நாம் முன்னால் குமிழைத் திருகினால் பின்னால் ஒரு மெல்லிய கம்பிக் கேபிள் அந்தக் கதவை இழுக்கும். சூடோ குளிரோ வரும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்தக் கேபிள் கழன்றுவிட்டால் குமிழை எத்தனை தரம் திருகினாலும் சும்மா சுற்றும். ஊசிக்கையாரின் பிழைப்பே அந்தக் கேபிளில்தான் ஓடியது.

அவருடைய மனைவி துணிக்கடை ஒன்றின் பின்னறையில் ஆல்டரேஷன் தைத்துக்கொண்டிருந்தாள். பேன்ட்டின் நீளம் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, ஜிப் மாற்றுவது. ஊரில் உள்ளவர்களின் தொப்பையெல்லாம் தனக்கு அத்துப்படி என்பாள். சாப்பிடும்போது அவர் அன்றைய வண்டிகளைப் பற்றிப் பேசுவார். அவள் பாதி கேட்பாள், பாதி ரசத்தில் விடுவாள். ஒரே மகளுக்குக் கல்யாணமாகி வெகுதூரத்தில் இருந்தாள். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். சண்டையும் உண்டு, சிரிப்பும் உண்டு. இப்படியே போய்விடும் என்றுதான் இருவரும் நினைத்திருந்தார்கள்.

ஒருநாள் அவர் கையிலிருந்து ஒரு ஸ்க்ரூ நழுவி காற்றுக் குழாய்க்குள் விழுந்தது. அதை எடுக்கக் காந்தத்தைக் கட்டி இறக்கினார். காந்தமும் விழுந்தது. “குளிரு, விரல் மரத்துப்போச்சு,” என்றார். கோடையிலும் அதையே சொன்னபோது அவரே கொஞ்சம் திகைத்துப் போனார்.

அவள் கண்டுபிடித்தது வேறு விதமாக. பொத்தான் வைத்த சட்டைகளை அவர் அலமாரியின் அடியில் தள்ளிவிட்டு, தலைவழியாக மாட்டும் பனியன் சட்டைகளையே போட்டுக்கொண்டு திரிந்தார். நாள் முழுக்கப் பொத்தானோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு அது தெரியாமல் இருக்குமா? அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய சட்டைகளை எடுத்து, பொத்தான்களை மேலே அழகுக்கு அப்படியே விட்டு, உள்ளே அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்துத் தைத்து, மடித்து வைத்துவிட்டாள். மறுநாள் அவர் அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்.

நரம்பு டாக்டர் அவருடைய கைகளை மேஜைமேல் வைக்கச் சொன்னார். எழுந்து நடக்கச் சொன்னார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தொட்டுத் தொட்டுப் பிரியும்படி செய்யச் சொன்னார். வலதுகை அதைச் செய்ய மறுத்தது. மாத்திரை நடுக்கத்தைக் கொஞ்சம் பிடித்து வைக்கும், போக்காது. மெல்ல மெல்லக் கூடத்தான் செய்யும் என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார்.

வெளியே வந்ததும் ஊசிக்கையார் சொன்ன முதல் வார்த்தை, “பட்டறையில யாருக்கும் தெரியக் கூடாது.”

“தெரிஞ்சா என்னங்க? திருடினீங்களா?”

“தெரிஞ்சா பரிதாபப்படுவானுங்க. அதுக்குத் திருடிட்டே போயிரலாம்.”

கொஞ்ச நாள் சமாளித்தார். பிறகு ஒரு சனிக்கிழமை பூக்கடைக்காரரின் வேன் ஒன்று வேலை முடியாமல் தங்கிவிட்டது. ஞாயிறு பட்டறைக்கு விடுமுறை. சாவி அவரிடம் இருந்தது. காலையில் காபியைக் குடித்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டே, “நீயும் வா,” என்றார்.

“நான் எதுக்கு?”

“நீ கையை மட்டும் குடு. மூளை என்னுது.”

“அப்ப என் மூளையை வீட்டுலயே வச்சுப் பூட்டிட்டு வரவா?”

வேனுக்குள் வாடிய இலைகளின் வாசனை. ரேடியோவை அவர் ஏற்கெனவே உருவியிருந்தார். அந்தக் கறுப்புப் பொந்துக்குள் அவள் கையை விட்டாள். ஒயர்கள் கொத்தாகத் தட்டுப்பட்டன. அதைத் தாண்டி ஒரு தகரத்தின் கூர் மணிக்கட்டைக் கீறியது. அவர் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, தன் கையே உள்ளே இருப்பதுபோல் சொல்லிக்கொண்டு வந்தார்.

“இடது பக்கம் பெட்டியோட ஓரம் தெரியும். அதைப் பிடிச்சுக்கிட்டே கீழ போ. ஒரு சின்ன நெம்புகோல், நுனியில குச்சி மாதிரி நீட்டிக்கிட்டிருக்கும்.”

“இருக்கு.”

“ஆட்டிப் பாரு. சும்மா ஆடுதா?”

“ஆடுதுங்க. பால் பல்லு மாதிரி ஆடுது.”

“அப்ப கேபிள் கழண்டிருக்கு. பக்கத்துலயே தொங்கும், தேடு. நுனியில வளையம் இருக்கும்.”

வளையம் கிடைத்தது. அதைக் குச்சியில் மாட்டினாள். கேபிளின் மேலுறையை அழுத்திப் பிடிக்கும் கிளிப்தான் கடினம். கண்ணால் பார்க்க முடியாது. விரல்நுனியில்தான் பார்க்க வேண்டும். தோள்பட்டை மரத்துப்போகும்வரை முயன்றாள். ஒரு நேரத்தில் ‘டக்’ என்று ஒரு சத்தம். அவள் கேட்பதற்கு முன்பே அவர் கேட்டுவிட்டார். கண்ணைத் திறந்தார்.

இஞ்சினை ஓடவிட்டு, குமிழைத் திருகிக் காத்திருந்தார்கள். முதலில் குளிர்ந்த காற்று. பிறகு மெல்ல இளஞ்சூடு. பிறகு நன்றாகவே சூடு. அவளுக்குச் சின்னப்பிள்ளைபோல் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

“உனக்கு முதல் தடவையே வந்திருச்சே,” என்றார் அவர். குரலில் சந்தோஷம் இருந்தது. அதற்கு அடியில் வேறொன்றும் இருந்தது. அவள் அதைக் கவனிக்காததுபோல் மணிக்கட்டில் இருந்த கீறலைத் துடைத்துக்கொண்டாள்.

கண்பார்வை மங்கிவிட்டது, வீட்டம்மா உதவிக்கு வருவாள் என்று முதலாளியிடம் சொல்லிவைத்தார். முதலாளி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “வரட்டும்ணே, நமக்கும் ஆள் பத்தல,” என்றார். முதலில் காலையில் துணிக்கடை, பிற்பகலில் பட்டறை என்று ஓடினாள். பிறகு பட்டறையின் பொழுது நீண்டு, துணிக்கடையின் பொழுது சுருங்கியது.

அவளால் யாரிடமும் சொல்ல முடியாத ஒன்று உண்டு. அவளுக்கு இந்த வேலை பிடித்துப்போயிற்று. தையல் அறையில் டியூப்லைட்டுக்கு அடியில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்தபடியே எத்தனையோ வருஷங்கள் போய்விட்டன. இங்கே ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு குணம். ஒன்றில் காற்றாடி உச்ச வேகத்தில் மட்டும் அலறும். மற்ற வேகங்களில் செத்துக் கிடக்கும். இன்னொன்றில் கேபிளே இல்லை, அதற்குப் பதில் தீப்பெட்டி அளவு மோட்டார்; அதன் பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்து, டேஷ்போர்டுக்குள் யாரோ விடாமல் சொடக்குப் போடுவதுபோல் சத்தம் வரும். நோயைக் கண்டுபிடித்து, கையை விட்டு, சரிசெய்து, சூடு வந்ததும் வண்டிக்காரர் முகம் மலர்வதைப் பார்ப்பது அவளுக்கு ஒரு ருசியாகிவிட்டது. அந்த ருசி அவர் கையிலிருந்து பிடுங்கி வந்தது என்று நினைக்கும்போது மட்டும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவாள்.

வாடிக்கைக்காரர்களுக்கு இந்த நுணுக்கமெல்லாம் தெரியுமா? வாசலிலேயே நின்று, “ஹீட்டரம்மா வந்தாச்சா?” என்று குரல் கொடுக்கத் தொடங்கினார்கள். அவர் மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சுத்தமாக இருந்த ஸ்பேனர்களையே மறுபடி துடைத்துக்கொண்டிருப்பார்.

அப்படி இருக்கும்போதுதான் டிரைவிங் ஸ்கூல் வாத்தியாரின் கார் வந்தது. மிகப் பழைய கார். ஹீட்டர் குமிழ் சும்மா சுற்றியது. வண்டி கற்றுக்கொள்ள வருகிறவர்கள் ஏற்கெனவே பயத்தில் வியர்க்கிறவர்கள். அதோடு கண்ணாடியும் மூடிக்கொண்டால் ஊர் தாங்குமா என்று வாத்தியார் புலம்பினார். அன்று துணிக்கடையில் அவசர வேலை. அவள் நண்பகலில்தான் பட்டறைக்கு வந்தாள்.

கார் ஓரமாக நின்றது. டிரைவர் சீட்டில் ஊசிக்கையார். மடியில் மூன்று குமிழ்கள் வைத்த கன்ட்ரோல் பேனல். அதன் பின்பக்கம் கேபிளைத் தாங்கும் காது முறிந்து, பாதாம்பருப்பு அளவுத் துண்டாக அவர் உள்ளங்கையில் கிடந்தது. குளிரில் பழைய பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி. சூடு காட்டி இளக்கிய பிறகுதான் இழுக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லித் தந்ததே அவர்தான். நடுங்கும் கையில் பிடி கிடைக்காமல், பொறுமை போய், பலத்தைப் போட்டிருக்கிறார். இந்தப் பேனலை இப்போது எந்தக் கம்பெனியும் செய்வதில்லை. அவளைப் பார்த்ததும் உள்ளங்கையை மூடிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து வாத்தியார் உள்ளே நுழைந்தார். “என்ன, ஆச்சா?”

அவள் யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது.

“ஐயோ சார், மன்னிச்சிருங்க. நான்தான் அவசரத்துல இழுத்துட்டேன். உடைஞ்சிருச்சு.”

வாத்தியார் நல்ல மனிதர். தினமும் நாலு பேர் தன் வண்டியை எதிலாவது இடிப்பதைப் பார்த்துப் பழகியவர். “சரி விடுங்கம்மா. நீங்க இன்னும் கத்துக்கிறவங்க. அதான் ஊசிக்கையார் இருக்காரே, அவரு கையில குடுத்தா எதையும் சரி பண்ணிருவாரு,” என்று ஊசிக்கையாரின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்து, மேல்கோட்டைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

“எதுக்கு அப்படிச் சொன்ன?”

“சொன்னா என்னங்க இப்ப? எனக்கு ஒண்ணும் குறைஞ்சு போயிரல.”

“எனக்குக் குறைஞ்சு போச்சு.”

“உங்களை அவர் முன்னாடி விட்டுக்குடுக்கச் சொல்றீங்களா?”

“நான் கேட்டேனா?” அவர் குரல் உயர்ந்தது. உயர்ந்ததும் அதுவும் நடுங்கியது. “என் வேலை உன்கிட்ட வந்திருச்சு. நான் ஒண்ணும் சொல்லல. என் பேரும் போயிருச்சு, எல்லாரும் ஹீட்டரம்மா, ஹீட்டரம்மான்னுதான் வர்றான். அதுக்கும் ஒண்ணும் சொல்லல. நான் பண்ணுன தப்பையாவது எனக்குன்னு வச்சிருக்க விடக் கூடாதா? அதையும் நீயே எடுத்துக்கணுமா?”

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. இரண்டு பேருமே அணைக்கவில்லை.

மறுநாள் காலையில் அவளுக்கு முன்பே அவர் கிளம்பி நின்றார். பட்டறையில் முதலாளி ஷட்டர் கதவைத் தூக்கிக்கொண்டிருந்தார். வாத்தியாரும் வண்டி என்னாயிற்று என்று பார்க்க வந்திருந்தார். நல்லதாகப் போயிற்று என்று நினைத்தவர்போல ஊசிக்கையார் இருவருக்கும் நடுவில் போய் நின்றார்.

“பேனலை உடைச்சது நான். இவ பொய் சொன்னா. எனக்குக் கை நடுங்குது. கண்ணெல்லாம் நல்லாத்தான் தெரியுது, அதுவும் பொய்யி. கைதான்.” வலதுகையை நீட்டிக் காட்டினார். காட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டதுபோல் அது அன்றைக்கென்று படபடத்தது.

வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். முதலாளி கதவிலிருந்து கையை எடுத்தார்.

“தெரியும்ணே,” என்றார்.

“தெரியுமா?”

“ஸ்க்ரூ விழுந்த அன்னைக்கே தெரியும்.”

“உனக்கு மட்டுமா, எல்லாருக்குமா?”

அங்கே இங்கே நின்றிருந்த மெக்கானிக்குகள் ஆளுக்கொரு வேலையைத் தேடிக்கொண்டு நகர்ந்தார்கள். அதைவிடத் தெளிவான பதில் வேறு வேண்டியதில்லை. அவ்வளவு நாளும் அவர் கஷ்டப்பட்டு மறைத்ததை, அவர் மறைக்கிறார் என்பதற்காகவே, அவர்கள் கஷ்டப்பட்டுத் தெரியாததுபோல் நடந்துகொண்டிருந்தார்கள்.

“உக்காந்து பாத்துக்கிட்டாவது இருங்கண்ணே. நீங்க இருந்தாலே போதும்,” என்றார் முதலாளி.

“சாமான் அலமாரி சாவி இது,” என்றார் அவர். சாவியை வளையத்திலிருந்து கழற்ற அவரால் முடியவில்லை. அவள் கையை நீட்டவில்லை. முந்தின நாள் பாடம் அப்படி. அவரே, நேரம் எடுத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக் கழற்றி முதலாளியிடம் கொடுத்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

ஆனால் வாத்தியாரின் வண்டியை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போக அவருக்கு மனம் இல்லை. ஊர்க்கோடியில் இருக்கும் பழைய இரும்புக் கடையில் அதே மாதிரிக் கார் ஒன்று கிடக்கிறது, பார்த்திருக்கிறேன் என்றார். இருவரும் போனார்கள். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய கார்களுக்கு நடுவே அது கதவில்லாமல் கிடந்தது. சீட்டில் பனி உறைந்திருந்தது. மேகம் கவிந்து, பட்டப்பகலிலேயே உள்ளே இருட்டு. அவள் கால் வைக்கும் இடத்தில் மல்லாந்து படுத்து, தலையை டேஷ்போர்டுக்கு அடியில் கொடுத்தாள். அவர் வெளியே குந்தி டார்ச் அடித்தார்.

வெளிச்சம் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஸ்க்ரூவின் தலைமேல் விழும். தாவி ஒயர்மேல் போகும். அவள் கண்ணில் அடிக்கும். மறுபடி ஸ்க்ரூவுக்கு வரும்.

“லைட்டைக் கொஞ்சம் ஆடாமப் பிடிங்களேன்,” என்றாள் வேலை மும்முரத்தில். சொன்ன பிறகுதான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு அப்படியே கிடந்தாள்.

வெளியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அவர்தான்.

“ஆடாமப் பிடிக்க முடிஞ்சா நான் எதுக்குடி உன்னைப் பனியில படுக்கப் போடுறேன்?”

அவளுக்கும் சிரிப்பு வந்தது. மல்லாந்து படுத்துச் சிரித்ததில் கண்ணீர் காதுக்குள் வடிந்தது. சிரிப்புக் கண்ணீர் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். அது நிற்காமல் வந்தபோது அப்படி இல்லை என்று தெரிந்தது. அவர் டார்ச்சை அணைத்துவிட்டு, அவள் முடிக்கட்டும் என்று இருட்டில் காத்திருந்தார். பிறகு மறுபடி வெளிச்சம் காட்டினார். பிளாஸ்டிக்கைத் தன் மூச்சாலேயே ஊதி ஊதி இளக்கி, பேனலைப் பழுதில்லாமல் எடுத்துவிட்டாள். அதுதான் அவர்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை.

அதன்பின் அவர் பட்டறைப் பக்கம் போகவில்லை. நோய் கையோடு நிற்கவில்லை. நடையைப் பிடித்தது, முகத்தைப் பிடித்தது. பெரிய சிரிப்புக்காரரின் முகம் எந்த அசைவும் இல்லாத முகமாயிற்று. குரல் தேய்ந்து, காதைக் கொண்டுபோய் வைத்தால்தான் கேட்கும் என்றானது. வேலையிலிருந்து ஓய்வுபெற்று எதிர்வீட்டில் இருந்த வாட்ச்மேன் ஒருவர், பகலில் அவரோடு வந்து உட்காருவார். சீட்டாடுவார்கள். இவர் கையிலிருக்கும் சீட்டு, கை நடுக்கத்தில் திரும்பி, என்னவென்று தெரிந்துவிடும். “சார், நான் பாக்கல, நான் பாக்கல,” என்று வாட்ச்மேன் கண்ணை மூடிக்கொள்வாராம், அப்படியும் ஜெயிப்பாராம்.

அவள் துணிக்கடையை விட்டுவிட்டு முழுநேரமும் பட்டறைக்குப் போனாள். வீட்டுக்கு வந்தால் வேலையைப் பற்றி வாயே திறப்பதில்லை. புண்ணில் கையை வைப்பானேன் என்று நினைத்தாள். சோறு ஊட்டிவிட்டு, வாயைத் துடைத்துவிட்டு, மகளோடு போனில் பேசவைத்துவிட்டுப் படுக்கப் போடுவாள். ஒருநாள் மாலை அவர் அவளுடைய கையை இழுத்து முகர்ந்தார். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் ரேடியேட்டர் தண்ணீரின் இனிப்பு வாடை விரலில் தங்கிவிடும்.

“என்ன வண்டி?” என்றார்.

அவள் காதைக் கிட்டே கொண்டுபோனாள்.

“சோறு போட்டா ஆச்சா? என்ன வண்டின்னு சொல்லு.”

அன்றிலிருந்து சொல்லத் தொடங்கினாள். என்ன வண்டி, என்ன கோளாறு, எந்த வழியாகக் கையை விட்டாள், எங்கே சிக்கியது. அவர் கண்ணை மூடிக்கொள்வார். போர்வைமேல் விரல்கள் அதுபாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கும். சில நாள், “அந்தப் பக்கமாவா போன? மடச்சி. முன்னாடி இருக்குற க்ளவ் பாக்ஸைக் கழட்டியிருந்தா சுளுவா வந்திருக்கும்,” என்று முணுமுணுப்பார். அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும். சில நாள் தப்பாகவும் இருக்கும். இரண்டுக்குமே, “ஆமாங்க, தோணலையே,” என்பாள். பிறகு ஒருநாள், “பொய்க்கு ஆமாம் போடாதே,” என்றார். அதற்கப்புறம் தப்பாக இருந்தால் தப்பு என்றே சொன்னாள். அவருக்கு அதுதான் பிடித்திருந்தது.

அந்தக் குளிர்காலத்தில் அவருக்கு நெஞ்சுச்சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து, தேறிவிட்டார் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டொரு நாள் கஞ்சி குடித்தார், சீட்டும் ஆடினார். பட்டறையில் வேலை குவிந்து கிடந்தது. “போயிட்டு வா, வாட்ச்மேன் இருக்காருல்ல,” என்று அவர்தான் அனுப்பினார்.

அன்று எடுத்தது பேப்பர் ஏஜெண்ட் அம்மாவின் கார். விடியும் முன்பே எழுந்து தெருத்தெருவாகச் செய்தித்தாள் போடுகிறவர். ஹீட்டர் இல்லாமல் விரல் விறைத்து, பேப்பர் கட்டையே பிரிக்க முடியவில்லை என்று சொல்லி வண்டியை விட்டிருந்தார். அவள் ஒரு கையை ரேடியோ பொந்து வழியாகவும் இன்னொரு கையைக் கீழிருந்தும் விட்டிருந்தாள். பெட்டிப் பக்கத்துக் கிளிப் பாதி ஏறியிருந்தது. அப்போது கோட்டுப் பையில் போன் அடித்தது.

விட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒரு நிமிஷம், இதை மாட்டிவிட்டு எடுக்கலாம் என்று நினைத்தாள். போன் அடித்து ஓய்ந்தது. கிளிப் ஏறியது. கையை உருவி, துணியில் துடைத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி அடித்தது. வாட்ச்மேன். எப்போதும் ஏதாவது கேலியோடு தொடங்குகிறவர், “அம்மா,” என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினார்.

பேனல் கேபிள்களில் தொங்கியபடி இருக்க, டேஷ்போர்டு வாயைப் பிளந்தபடி இருக்க, அவள் கதவைக்கூடச் சாத்தாமல் ஓடினாள். முதலாளி பின்னாலேயே வண்டியை எடுத்துக்கொண்டு வந்து அவளை ஏற்றிக்கொண்டார்.

மகளும் மருமகனும் வந்தார்கள். காரியங்கள் எல்லாம் முடிந்தன. வந்தவர்கள் கலைந்த பிறகு ஒரு பிற்பகல் வாட்ச்மேன் வந்து, உட்காராமல், கதவைப் பிடித்தபடி நின்றார்.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்மா. சொல்றதா வேணாமான்னு தெரியாமத் தவிச்சுக்கிட்டிருந்தேன்.”

“சொல்லுங்கண்ணா.”

“முதல் தடவை போன் போட்டேன்ல, அப்ப மூச்சு இருந்துச்சு. இழுத்துக்கிட்டு இருந்துச்சு. போனை அவர் காதுலதான் வச்சேன். மணி அடிக்கிறதைக் கேட்டுக்கிட்டே இருந்தார்.”

மகள், “மாமா, இதையெல்லாம் எதுக்கு இப்ப?” என்று பதறினாள். அவள் மகளின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“எடுக்கலைன்னதும் என்னைப் பாத்தார். ‘கை உள்ள இருக்கும், விடுங்க’ன்னார். அவ்வளவுதான் பேசினது.”

அவள் தலையை ஆட்டினாள். எழுந்து அடுக்களைக்குப் போய், யாருக்கும் வேண்டாத தேநீரைப் போடத் தொடங்கினாள். தண்ணீர் கொதித்துச் சுண்டும்வரை அங்கேயே நின்றாள். மகள் வந்து தோளைத் தொட்டபோதுதான் உடைந்தாள். “ஒரே ஒரு கிளிப்புடி,” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். “எடுத்திருந்தாலும் ஒண்ணும் மாறியிருக்காதும்மா,” என்றாள் மகள். அது அவளுக்கும் தெரியும். தெரிவதால் என்ன?

மகள் தன்னோடு வந்துவிடச் சொன்னாள். மருமகனும் தனியாக வந்து, “அத்தை, உங்களுக்குன்னு ஒரு ரூம் இருக்கு, சும்மா சொல்லல,” என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தாள். அதன்பின் கொஞ்ச நாள் வீட்டைவிட்டு நகரவில்லை. கைகளைப் பார்த்தாலே ஆகவில்லை. போர்வைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

பிறகு முதலாளி வந்தார். வேலைக்கு வாருங்கள் என்று அவர் சொல்லவில்லை. பேப்பர் ஏஜெண்ட் அம்மா தினமும் வந்துபோகிறார் என்றார். டேஷ்போர்டு திறந்தது திறந்தபடியே, கழுத்துவரை போர்வையைச் சுற்றிக்கொண்டு ஓட்டுகிறாராம். வேறு ஆள் முடித்துத் தருகிறோம் என்றால் வேண்டாம் என்கிறாராம்.

அவள் மறுநாள் போனாள். பட்டறையில் எல்லோரும் வழக்கத்தைவிடச் சத்தமாக வேலை செய்தார்கள். பேப்பர் ஏஜெண்ட் அம்மா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொல்லவந்து, சொல்ல முடியாமல், “அவசரமில்லம்மா,” என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

பெட்டிப் பக்கம் கிளிப் இருந்த இடத்தில் இருந்தது. அதைத் தொட்டதும் கை ஒருகணம் பின்வாங்கியது. பிறகு அதைத் தாண்டிப் போனாள். குமிழ்ப் பக்கத்து வளையத்தை மாட்டி, பேனலை உள்ளே தள்ளி, நாலு ஸ்க்ரூவும் போட்டு, ரேடியோவைச் செருகினாள். இஞ்சினை ஓடவிட்டாள்.

குளிர்ந்த காற்று வந்தது. காத்திருந்தாள். முன்கண்ணாடியின் கீழ்மூலையில் மூட்டம் கொஞ்சமாக விலகி, பட்டறையின் தரையும் யாரோ ஒருவரின் கால்களும் தெரிந்தன. சூடு ஏறியது. வேலை முடிந்துவிட்டது, இறங்க வேண்டியதுதான். அவள் இறங்கவில்லை. கண்ணாடி முழுக்கத் தெளிகிறவரை, எண்ணெய் அப்பிய விரல்களைக் காற்று வரும் வாயில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முதலாளி பக்கத்துக் கண்ணாடியைத் தயங்கித் தட்டினார்.

“இன்னொரு வண்டி வந்திருக்கும்மா. நாளைக்கு வரச் சொல்லட்டுமா?”

“வேணாம்,” என்றாள் அவள். “உள்ள எடுக்கச் சொல்லுங்க.”